30/60 மில்லி பெக் மெஷர்: ஐந்து மாதம் வைத்திருந்த பிறகு

உடுக்கை மாதிரி இரண்டு பக்கமும் குழிந்த, மது அளக்கும் எவர்சில்வர் கிண்ணம். ஒரு பக்கம் 30 மில்லி, கவிழ்த்தால் 60. விருந்தாளிகள் முன்னால் கொஞ்சம் பந்தாவாக ஊற்றத்தான் வாங்கினேன். "என்னங்க, இருமல் மருந்து ஊத்துற கிண்ணமா?" என்றாள் மனைவி.

கனமாக இருக்கிறது, கை வழுக்கவில்லை, கறை படியவில்லை. சமையலறைத் தராசில் தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பார்த்தேன்: 30 பக்கம் 33 கிராம், 60 பக்கம் 62. உள்ளே கோடு கிடையாது. விளிம்பு வரை ஊற்றினால்தான் அளவு. இந்தக் குறையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தராசு வெளியே இருந்த தைரியத்தில், வழக்கமாகக் கண் அளவில் ஊற்றும் ஒரு 'லார்ஜ்' அளவுக்கு என் கிளாஸில் தண்ணீர் ஊற்றி அதையும் நிறுத்தேன். 60 வரும் என்று நினைத்தேன். 95 வந்தது.

"வாரத்துக்கு மூணு நாள், ரெண்டே ரெண்டு" என்று பல வருடங்களாக டாக்டரிடமும் வீட்டிலும் சொல்லி வருகிறவன் நான். பொய் என்று தெரிந்து சொன்னதில்லை. 40 சதவீத விஸ்கியில் 30 மில்லிக்கு ஏறக்குறைய 9.5 கிராம் சுத்த ஆல்கஹால். உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' கேள்வித்தாள் 10 கிராமை ஒரு டிரிங்க் என்று கணக்கிடுகிறது. அப்படிப் பார்த்தால் என்னுடைய 'ரெண்டே ரெண்டு' 190 மில்லி, 60 கிராம், ஆறு டிரிங்க்.

அந்தக் கேள்வித்தாளில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 வந்தாலே குடிப்பது ஆபத்தான அளவுக்குப் போயிருக்கலாம் என்று பொருள். முன்பு ஒரு முறை நிரப்பி, 5 வாங்கி, நிம்மதியாக மூடி வைத்திருந்தேன். இப்போது 'ரெண்டு' என்ற இடத்தில் 'ஆறு' போட்டதும் 10. குடி மாறவில்லை, அளவு மட்டும் சரியானது.

சரி, இனி கிண்ணத்தால்தான் ஊற்றுவது, 30 பக்கத்தில் இரண்டு முறை, அதோடு நிறுத்துவது என்று முடிவு செய்தேன். முதல் வாரம் பிரமாதம். இரண்டாவது வாரம் அந்த இல்லாத கோடு வேலையைக் காட்டியது. விளிம்புக்கு மேல் திரவம் குமிழாக நிற்குமே, அதுவரை ஊற்றினேன். அப்புறம் கிண்ணத்தைக் கவிழ்க்கும்போது பாட்டிலையும் லேசாகச் சாய்த்தேன். 'சிந்தியது' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது வாரம், நண்பன் வருவதற்கு முன்பே கிண்ணமில்லாமல் ஒன்று போட்டுவிட்டு, அவன் எதிரில் ஒழுங்காக அளந்து ஊற்றினேன். ஒரு நாள் கிண்ணத்தைத் துண்டுக்கு அடியில் மறைத்துவிட்டு, காணோம் என்று நானே தேடினேன்.

பழக்கம் எங்கே நோயாகிறது என்று கேட்டால் அந்தத் துண்டைத்தான் காட்டுவேன். மில்லிக்கணக்கு அதற்கு முன்பும் பெரிதுதான். ஆனால் தனக்குத் தானே விதித்த விதியை ஏமாற்ற ஆரம்பிப்பது வேறு விஷயம். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 (2013) கையேட்டில், குடிக் கோளாறுக்கான பட்டியலில் 11 அறிகுறிகள். ஓராண்டுக்குள் இரண்டு இருந்தாலே கோளாறு, ஆறோ அதற்கு மேலோ இருந்தால் தீவிரம். நினைத்ததைவிட அதிகம் குடிப்பது, குறைக்க முயன்று தோற்பது, ஏக்கம்: மூன்றுக்கு நான் டிக் போட்டேன். 'எவ்வளவு குடிச்சாலும் ஸ்டெடி' என்று என்னை நண்பர்கள் புகழ்வார்கள். அப்படி உடம்பு குடிக்குப் பழகிப்போவதும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. நாலாவது டிக்.

என் நண்பனுக்குக் குடி கிடையாது, கஞ்சா மட்டும், 'வீக்எண்டுக்கு ஜாலியா'. அவன் வீக்எண்ட் இப்போது புதன்கிழமையே தொடங்குகிறது. அதை அளக்கக் கிண்ணம் விற்பதில்லை. ஆனால் பட்டியல் ஏறக்குறைய அதேதான்.

முக்கியமான எச்சரிக்கை, பெட்டியில் அச்சிடாதது: காலையில் கை நடுங்குகிறவர்கள், தினமும் நிறையக் குடிக்கிறவர்கள் இந்தக் கிண்ணத்தை நம்பித் திடீரென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கும் நிலையும் வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் மேற்பார்வை வேண்டும். நானும் டாக்டரிடம்தான் போனேன். இந்த முறை மில்லியில் சொன்னேன். அவர் முதல் தடவையாகப் பேனாவை எடுத்தார்.

இப்போது கிண்ணம் மனைவியின் சமையலறையில், எண்ணெய் அளக்க. தோசைக்கல்லுக்கு 30 பக்கம் அதிகம் என்கிறாள்.

நான்கு நட்சத்திரம். உள்ளே கோடு போட்டால் ஐந்து.