மயோர்கா மலைச் சாலைகளில் சைக்கிள்: பல பருவங்கள் ஓட்டியபின் எழுதுவது

ஸ்பெயினின் மயோர்கா தீவுக்கு ரோட் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று சொன்னால், அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் சா கலோப்ரா என்ற மலைச்சாலையைப் பற்றித்தான். கேட்பதில் தப்பில்லை, அந்தச் சாலை அப்படி. ஆனால் வருடம் தவறாமல் அந்தத் தீவுக்குப் போய்வந்ததில் எனக்குப் பிடிபட்டது வேறு. அங்கே ஒரு நாள் ஓட்டம் அமைவதும் சொதப்புவதும் திசை, நேரம், காற்று இந்த மூன்றின் கையில் இருக்கிறது. ஏற்றங்கள் எங்கேயும் ஓடிப்போவதில்லை.

தீவின் வடமேற்குக் கரை நெடுக நிற்கும் மலைத்தொடரின் பெயர் செரா தெ திரமுந்தானா. கல்லை அடுக்கிச் சாந்தில்லாமல் கட்டிய வரப்புகள், அவற்றில் நூற்றாண்டுகள் கண்ட ஆலிவ் மரங்கள், நீர்க்கால்கள் இவற்றுக்காக 2011இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. உச்சியான புச் மஜோர் 1,400 மீட்டரைத் தாண்டும். அதன் தலையில் ராணுவ ரேடார் இருப்பதால் அங்கே நமக்கு வேலையில்லை. தார்ச்சாலை ஏறும் அதிகபட்ச உயரம் சுமார் 850 மீட்டர்தான்.

ஆல்ப்ஸில் ஓட்டியவர்கள் இந்த எண்ணைப் பார்த்து இளப்பமாக நினைப்பதுண்டு. அங்கே ஒரு கணவாய் ஏறினால் பாதி நாள் வேலை முடிந்த மாதிரி. இங்கே சாலை 300 மீட்டர் ஏறும், கடலோரக் கிராமத்துக்கு இறங்கும், மறுபடி ஏறும். அந்த்ராட்ச் ஊரிலிருந்து பொயென்சா வரை மலையோரமாகவே போகும் மா-10 சாலை ஏறக்குறைய 110 கி.மீ. வழியில் பயமுறுத்தும் பெயர் அதிகமில்லை, ஆனாலும் மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் 2,000 மீட்டருக்கு மேல் வந்துவிடும். வரைபடத்தில் கணவாய் உயரத்தைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். மொத்த ஏற்றத்தைப் பாருங்கள்.

முதலில் காற்று. திரமுந்தானா என்பது வடக்கிலிருந்து வீசும் காற்றின் பெயரும்கூட. குளிர்காலத்தில் அது எழுந்தால் மலை முகட்டில் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும். உயரமான விளிம்புள்ள சக்கரம் போட்டவர்கள் அன்றைக்குச் சமவெளிப் பக்கம் போவது நல்லது. ஆனால் என்னை அதிகம் படுத்தியது இந்தப் புயல்காற்று அல்ல. வசந்தம் முற்றியதும் தினமும் மதியம் எழும் கடற்காற்றுதான். உள்ளூரில் எம்பாத் என்பார்கள். நிலம் சூடாகிக் காற்று மேலெழ, கடலிலிருந்து குளிர்ந்த காற்று தீவுக்குள் நுழைகிறது. பால்மா விரிகுடாவில் அது தென்மேற்கிலிருந்து வரும், வடக்கே அல்கூதியா விரிகுடாவில் வடகிழக்கிலிருந்து வரும், இரண்டும் தீவின் நடுவில் சந்திக்கும். ஆக, எந்தக் கரையில் அறை எடுத்தாலும், மலை ஏறிக் களைத்துத் திரும்பும் கடைசி ஒரு மணி நேரம் எதிர்க்காற்றுதான். தட்டையான சாலை, ஓய்ந்த கால், முகத்தில் காற்று. பலரும் அந்த நாளை வெறுப்பது இந்தக் கடைசி 25 கிலோமீட்டரால்தான்.

இதற்கு என் வழி: சமவெளியைக் காலையிலேயே கடந்துவிடுவது. அல்கூதியா பக்கம் தங்கினால் விடிந்ததும் கிளம்பி, உள்நாட்டு ஊர்கள் வழியாகக் கய்மாரி போய், அங்கிருந்து கோல் தெ சா பதாயா (கோல் என்றால் கணவாய்) ஏறி, லியூக் மடத்தைத் தொட்டு, கோல் தெ பெமேனியா வழியாகப் பொயென்சாவுக்கு இறங்கலாம். அப்போது காற்றில் மாட்டுவது கடைசிச் சில கிலோமீட்டர்தான். இதே வட்டத்தைத் தலைகீழாக ஓட்டினால் மதிய நேரத்தில் சமவெளி முழுவதும் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். அதே தூரம், அதே ஏற்றம், ஆனால் சாயங்காலம் வந்து சேரும் ஆள் வேறு.

சா பதாயா ஏற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 576 மீட்டர் உயரம், சராசரி 5% அளவில் சீரான சரிவு, காட்டு நிழல். தாளம் பிடித்து மிதிக்க இதைவிட நல்ல ஏற்றம் தீவில் இல்லை. முதல் நாளே கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க நான் இங்கேதான் போவேன். மேலே ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. கார்களைவிடச் சைக்கிள்கள்தான் அங்கே அதிகம் நிற்கும். சுவரோரம் நூறு சைக்கிள்கள் சாய்ந்திருக்க, ஆளுக்கொரு ஆரஞ்சுச் சாறோடு உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது சா கலோப்ரா. அந்தோனியோ பரியெத்தி என்ற பொறியாளர் வடிவமைத்து 1932இல் போட்ட சாலை. சுமார் 10 கி.மீ. நீளம், சராசரி 7%, 26 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி கோல் தெல்ஸ் ரெய்ஸ், 682 மீட்டர். மலையைக் குடைந்து குகைப்பாதை போடாமல், சாலையே தன்னைச் சுற்றித் தன் அடியில் நுழைந்து போகும் ஓரிடம் உண்டு. டை முடிச்சு என்று பெயர் வாங்கிய வளைவு. இறங்கும்போது பார்வையை வளைவின் முடிவில் வைத்துக்கொண்டால் தானாக வண்டி திரும்பும். பாலத்தை வேடிக்கை பார்த்தால் திரும்பாது.

இந்தச் சாலையின் குணமே, கடலில் போய் முடிவதுதான். வேறு வழி கிடையாது. முதலில் இறங்க வேண்டும், அப்புறம் அதே வழியில் ஏறியே ஆக வேண்டும். கீழே சிறு துறை, சுற்றுலாப் பேருந்துகள், டோரென்ட் தெ பரெய்ஸ் பள்ளத்தாக்கைப் பார்க்க நடந்து போகும் கூட்டம். தண்ணீர் நிரப்பிக்கொண்டு உடனே திரும்பிவிடுவது என் வழக்கம். ஏறும்போது நடுவில் மூச்சு வாங்கத் தட்டையான இடம் எதுவும் கிடைக்காது. அதே சமயம் கொடூரமான சரிவும் கிடையாது. மேலே பார்த்தால் போக வேண்டிய சாலை சுருள் சுருளாகத் தெரிந்துகொண்டே இருக்கும். சிலருக்கு அது தெம்பு, எனக்கு அது தொல்லை. முன் சக்கரத்துக்கு நாலு மீட்டர் முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு மிதிப்பேன்.

நேரம் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் பேருந்துகள் வரத் தொடங்கும். கொண்டை ஊசியில் பேருந்து திரும்ப முழு அகலமும் தேவை, நமக்கு இடமில்லை. எட்டரைக்குள் கீழே இருந்தால் இதே சாலை நிம்மதி. வளைவுகளில் நின்று படம் எடுத்து விற்பவர்கள்கூட அந்த நேரத்துக்கு வந்திருக்க மாட்டார்கள். ஸ்டிராவா செயலியில் நல்ல நேரம் பதிய முட்டுபவர்களுக்கும் குளிர்ந்த காலைதான் தோது.

இறங்கும் முன் பிரேக்கைப் பாருங்கள். வாடகைக்கு எடுத்த ஒரு சைக்கிளில் கோல் தெல்ஸ் ரெய்ஸ் உச்சியை நெருங்கும்போது பின் சக்கரத்திலிருந்து கரகரவென்று சத்தம். நின்று குனிந்து பார்த்தேன். ஒரு பிரேக் பேடில் உராய்வுப் பொருள் தேய்ந்து காகிதக் கனத்துக்கு வந்திருந்தது. மறு பேடில் அதுவும் இல்லை, வெறும் உலோகம். டிஸ்க்கில் வட்டமாகப் புதுக் கீறல்கள் மின்னின. அன்றைக்குக் கடல் வரை இறங்காமல் திரும்பினேன். கடையில் காட்டியபோது, போன வாரம்தான் மாற்றினோம் என்றே சாதித்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் கடையாக இருந்தாலும் சக்கரத்தைக் கழற்றிப் பேடைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். டயர் 28 மி.மீ. கேளுங்கள். முன் பல்சக்கரத்தில் 34, பின்னால் பெரியதில் குறைந்தது 32 பல் இருந்தால் இந்தத் தீவில் எல்லாவற்றையும் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம்.

சோயெர் ஊரிலிருந்து புச் மஜோர் ஏற்றம் தீவிலேயே நீளமானது. சுமார் 14 கி.மீ., சராசரி 6%. மேலே ஒரு குகைப்பாதை, அதைத் தாண்டினால் கூபெர், கோர்க் பிளாவு என்று அடுத்தடுத்து இரண்டு நீர்த்தேக்கங்கள். காட்சி மாறும் விதம் அருமை. கீழே ஆரஞ்சுத் தோப்பு, மேலே மொட்டைப் பாறை. ஆனால் சோயெருக்கும் லியூக்குக்கும் நடுவில் ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பாட்டிலும் நிரம்பியிருக்க வேண்டும், விளக்கும் கட்டாயம் வேண்டும். வெயிலில் மிதித்துவிட்டுக் குகைக்குள் நுழைந்ததும் கண் ஒன்றும் தெரியாமல் சில நொடி தடுமாறும். பின்னால் வரும் காருக்கு நாம் தெரிய வேண்டும்.

சோயெரில் இன்னொரு எச்சரிக்கை: 1913 முதல் ஓடும் டிராம். ஊருக்குள்ளும் துறைமுகச் சாலையிலும் தண்டவாளம் கிடக்கிறது. சாய்வாகக் கடந்தால் டயர் பள்ளத்தில் இறங்கிவிடும், நேர்குறுக்காகக் கடக்க வேண்டும்.

பால்மாவுக்கும் சோயெருக்கும் இடையே 1997இல் மலைக்கடியில் சுரங்கச்சாலை திறந்தார்கள். சைக்கிளுக்கு அதில் அனுமதியில்லை. அதனால் நமக்கு லாபம்தான். வண்டிகள் எல்லாம் அடியில் போய்விட, மேலே பழைய கோல் தெ சோயெர் சாலை வளைவு வளைவாக ஏறக்குறைய காலியாகக் கிடக்கிறது. உயரம் 500 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இறக்கம் பழக நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு வளைவும் அடுத்ததைப் போலவே இருப்பதால் எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே விடுவது என்று கைக்குப் பழகிவிடும்.

என் மனசுக்குப் பிடித்தது இது எதுவும் இல்லை, தென்மேற்குப் பகுதிதான். சோயெர், தெயா, வால்டெமோசா, பன்யால்புபார், எஸ்தெலியென்க்ஸ், அந்த்ராட்ச். இதை இந்த வரிசையில் ஓட்டுங்கள். ஸ்பெயினில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். தென்மேற்கு நோக்கிப் போனால் கடல் நம் வலக்கைப் பக்கம், தடுப்புச் சுவரை ஒட்டியே போவோம். எதிர்த்திசையில் போனால் பாறைச் சுவரை ஒட்டி, கார்களுக்கு அந்தப் பக்கம் கடலைப் பார்க்க வேண்டியிருக்கும். வடக்குக் காற்று அடித்தாலும் பெரும்பகுதி பின்னாலோ பக்கத்திலோ இருக்கும். கரை வடமேற்கு பார்த்திருப்பதால் காலையில் சாலை மலை நிழலில் கிடக்கும். பிப்ரவரி, மார்ச்சில் மரத்தடி வளைவுகளில் ஈரம் காயவே காயாது. பத்து மணிக்கு மேல் இங்கே கிளம்புவதுதான் சரி, சா கலோப்ராவுக்கு நேர் எதிர்.

பன்யால்புபார் தாண்டியதும் கடலைப் பார்த்து 16ஆம் நூற்றாண்டுக் காவல் கோபுரம் ஒன்று நிற்கிறது. கொள்ளையர் கப்பல்களைக் கண்காணிக்கக் கட்டியது. அங்கே நிறுத்தாதவர்கள் குறைவு. படிப்படியாகக் கடல் வரை இறங்கும் வரப்புகளை அந்த இடத்திலிருந்து நன்றாகப் பார்க்கலாம். பெடலில் மாட்டும் கிளீட் போட்ட ஷூவோடு கோபுரத்தில் ஏற முயலாதீர்கள், அவ்வளவுதான்.

வடமுனையில் போர்மென்டோர். பொயென்சா துறையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை போக 20 கி.மீ. அளவில் வரும். இதுவும் பரியெத்தி போட்ட சாலை, இதுவும் போன வழியே திரும்ப வேண்டிய சாலை. அழகு சந்தேகமில்லை. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் முதல் காட்சிமேடை வரை கார் வரிசை, நடு ரோட்டில் ஆடுகள், செல்ஃபி எடுப்பவர்கள். கோடைப் பகல்களில் தனியார் கார்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, மற்ற மாதங்களில் சூரியன் எழும்போதே போய்விடுங்கள். ஒரு முறை போனால் போதும் என்பது என் கட்சி. உடன் வரும் நண்பர்கள் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

சமவெளி பற்றி யாரும் பேசுவதில்லை, கால் ஓய்வெடுக்கும் நாளில் அதுவே கைகொடுக்கிறது. பெத்ரா, சினெயு போன்ற ஊர்களை இணைக்கும் கல்சுவர் சந்துச் சாலைகளில் கார் அபூர்வம். பெத்ரா சதுக்கத்தில் காபியும் என்சைமாதா ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, தெம்பிருந்தால் ராந்தா குன்று ஏறலாம். 540 மீட்டர்தான், மேலே மடம், தீவு முழுவதும் தெரியும்.

கார் ஓட்டுநர்கள் பொறுமைசாலிகள். சைக்கிளை முந்தும்போது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம், பெரும்பாலும் கடைப்பிடிக்கிறார்கள். இருவர் பக்கம் பக்கமாக ஓட்டலாம். ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம். குறை சொல்வதானால் மழையைச் சொல்வேன். வெகுநாள் காய்ந்த தார்ச்சாலையில் முதல் மழை பெய்ததும் தூசியும் மகரந்தமும் எண்ணெயும் சேர்ந்து சோப்புப் போட்டது போல வழுக்கும். அன்றைக்கு இறக்கம் வேண்டாம்.

எப்போது போகலாம்? மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை, அல்லது செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். பிப்ரவரியில் பாதாம் பூத்திருக்கும், சாலை காலியாக இருக்கும், ஆனால் புச் மஜோர் இறக்கத்தில் விரல் விறைக்கும். ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். ஏப்ரல் கடைசியில் மயோர்கா 312 நடக்கும் வாரத்தில் அறையும் வாடகைச் சைக்கிளும் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்தப் போட்டியில் ஓட்டுவதானால் மூடிய சாலையில் 312, 225, 167 கி.மீ. என்று மூன்று தூரங்கள் உண்டு. ஓட்டாதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்து, சோயெரில் மூன்று இரவு, பொயென்சாவில் நான்கு இரவு என்று பிரித்துத் தங்கினால், மேலே சொன்ன எல்லாச் சாலைகளையும் காரில் ஏறாமலே முடித்துவிடலாம்.