பிரேக்அவே கிட்: பச்சை விளக்கை நம்பி வண்டி எடுக்காதீர்கள்

ஓடும்போது ட்ரெய்லர் கழன்றால் அதுவே பிரேக் போட்டு நிற்க வேண்டும். மின் பிரேக் ட்ரெய்லர்களுக்கு விற்கும் இந்த கிட்டில் இருப்பது கொஞ்சம்தான்: 12 வோல்ட், 5 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரி, அதற்கொரு பெட்டி, சார்ஜர், ஊசி போன்ற ஒரு ‘பின்’ செருகிய சுவிட்ச். பின்னோடு இணைந்த கேபிளின் மறுமுனை இழுக்கும் வண்டியில் மாட்டியிருக்கும். வண்டி விலகினால் பின் உருவிக்கொள்ளும், உள்ளே ஸ்பிரிங் தள்ளி இரு தொடுமுனைகளும் ஒட்டும், பேட்டரி மின்சாரம் நேராக, சக்கரங்களில் பிரேக்கை அழுத்தும் மின்காந்தங்களான பிரேக் மேக்னெட்டுகளுக்குப் பாயும்.

மேக்னெட் ஒன்றுக்குச் சுமார் 3 ஆம்பியர். இரண்டு அச்சு, நான்கு சக்கரம் என்றால் 12. அமெரிக்க விதி கேட்கிறபடி 15 நிமிடம் பிரேக் பிடித்திருக்க 3 ஆம்பியர்-மணி போதும், நல்ல பேட்டரி தாங்கும். மூன்று அச்சுக்கு நாலரை ஆகிவிடும். இவ்வளவு வேகமாக உறிஞ்சினால் 5 ஆம்பியர்-மணி பேட்டரி முழு அளவைத் தராது. பெரியதாக வாங்குங்கள்.

பெரிய குறை, சார்ஜரின் பச்சை விளக்குதான். சுமை இல்லாத வோல்டேஜைப் பார்த்தே எரிகிறது. உள்ளே சல்பேட் படிந்து பழுதான பேட்டரியும் சும்மா இருக்கையில் 12.6 காட்டும், சுமை ஏறியதும் படுத்துவிடும். சரியான சோதனை இது: முதலில் ட்ரெய்லர் பிளக்கைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் பிரேக்குக்கான நீல வயர் வழியாக மின்சாரம் திரும்பிப் போய், இழுக்கும் வண்டியில் உள்ள பிரேக் கன்ட்ரோலரைக் கெடுக்கலாம். பின்னை உருவி, வண்டியை மெல்ல முன்னால் நகர்த்துங்கள். சக்கரங்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்போதே பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியை மாற்றுங்கள். முடிந்ததும் பின்னைச் செருக மறக்காதீர்கள். மறந்தால் மேக்னெட் சூடேறும், பேட்டரியும் காலியாகும். பார்க்கிங் பிரேக்காக இதைப் பயன்படுத்துவோரும் உண்டு, வேண்டாம்.

பேட்டரியில் 12 வோல்ட் இருந்தும் சக்கரம் பிடிக்கவில்லையா? எர்த் இணைப்பைப் பாருங்கள். துருப்பிடித்த ஃப்ரேம் போல்ட்டை நம்பாமல் தனி வெள்ளை வயர் இழுப்பதே மேல்.

சுவிட்ச் பரவாயில்லை. ஆனால் தண்ணீர் புகுந்தால் தொடுமுனையில் பச்சைக் களிம்பு படியும், ‘பின்’னும் இறுகிக்கொள்ளும். அவ்வப்போது உருவிப் பார்த்தால்தான் தெரியும். கேபிள் நேராக இழுபடும் திசையில் பொருத்துங்கள்.

கூட வரும் கேபிள் கொக்கி மட்டம். சின்ன ஷாக்கிள் (திருகாணி போட்டு மூடும் U வடிவ வளையம்) போட்டு, கேபிளை வண்டியின் சேஸிஸில் மாட்டுங்கள். பால் மவுன்ட்டில் (ட்ரெய்லரை மாட்டும் குண்டைத் தாங்கும், கழற்றக்கூடிய பாகம்) மாட்டினால், மவுன்ட்டே கழன்று வரும்போது கேபிளும் கூடவே வந்துவிடும், ‘பின்’ உருவிக்கொள்ளாது. நீளம், முழுத் திருப்பத்திலும் இழுபடாத அளவு, ஆனால் பாதுகாப்புச் சங்கிலி விறைப்பதற்குள் பின் வெளியே வரவேண்டும்.

வாங்குமுன் ஒன்று பாருங்கள்: உங்கள் வண்டியின் பிளக்கில் 12 வோல்ட் சார்ஜிங் லைன் வருகிறதா? வராவிட்டால் அந்த சார்ஜர் வெறும் அலங்காரம்.