மரண வரி என்று சொல்லி 200,000 வாங்கிவிட்டார்கள், கொழும்பு ஆட்கள் கவனம்

இப்போதுதான் புதுக்கடை நீதிமன்றத்திலிருந்து வருகிறேன். கை நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் காசு 285,000 ரூபாய் போய்விட்டது.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கல்யாணம் கட்டாதவர். உயில் எழுதாமலே இறந்துவிட்டார். வங்கியில் நிலையான வைப்பு இருந்தது, அதற்கு நாமினியும் (தனக்குப் பிறகு காசை யாரிடம் கொடுப்பது என்று) போடவில்லை. (ஒரே ஒரு படிவம், ஒரு கையெழுத்து, மாமா!) மாவட்ட நீதிமன்றத்தில் டெஸ்டமென்டரி வழக்கு (இறந்தவரின் சொத்து பற்றிய வழக்கு) போட்டு, லெட்டர்ஸ் ஒஃப் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது அந்தச் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரப் பத்திரம், எடுத்து வரச் சொன்னார்கள் வங்கியில். அது சரியான பதில்தான்.

நான் போனது காலி வீதியில், மாடியில், ஆவண வேலைகள் செய்து கொடுக்கும் ஓர் இடத்துக்கு. அங்கே இருந்தவர் அம்மா பக்கம் மின்விசிறியைத் திருப்பினார், பிளேன்டீ வரவழைத்தார். மரணச் சான்றிதழையும் வைப்புப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கே. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி வேணும்" என்றார். ஆறு மாதமாக அந்தக் கடதாசிகளோடு அலைகிறேன், என் கண்ணில் அது படவேயில்லை. அந்த நிமிஷத்தில்தான் அவரை முழுசாக நம்பிவிட்டேன். அவர் சொன்னது உண்மையும்கூட. வழக்கு வேலைக்கென்று 85,000 ரூபாயை அங்கேயே எண்ணிக் கொடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்து மரண வரி, அதாவது இறந்தவரின் சொத்துக்கான வரி, என்று 200,000 கேட்டார். ஐஎம்எஃப் உடன்பாட்டில் வாரிசுச் சொத்து வரி பற்றிப் பேப்பரில் படித்திருந்தேன், அதனால் நம்பிவிட்டேன். பழைய மரண வரியை 1980களிலேயே எடுத்துவிட்டார்கள், புதியது இன்னும் வரவேயில்லை. சீட்டுக் காசு முழுக்க அதற்குத்தான் போனது.

அப்புறம் கேட்டால், ஜட்ஜ் லீவு. ஃபைல் மொழிபெயர்ப்பில். சேர் கண்டிக்குப் போயிருக்கிறார். ஒருநாள் அங்கே வேலை செய்யும் பெண்பிள்ளை, "அக்கா, நீங்கள் அடிக்கடி வந்தால் வேலை சுணங்கும்" என்றாள். 285,000 கொடுத்தவளிடம்!

இன்று அவர்கள் எழுதித் தந்த வழக்கு இலக்கத்தை நீதிமன்றப் பதிவகத்தில் காட்டினேன். அது வேறு யாருடையதோ காணி வழக்கு. மாடிக்குப் போனால் பூட்டு. ரசீதில் கம்பனிப் பெயர்கூட இல்லை, ஒரு ரப்பர் முத்திரைதான். பொலிஸில், "கொடுக்கல் வாங்கல் பிரச்சினை, பேசித் தீருங்கோ" என்றார்கள். நாளை திரும்பப் போவேன்.

எப்படிச் செய்யவேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சட்டத்தரணியை நேரே பாருங்கள், தரகர் வேண்டாம். வழக்கு இலக்கத்தைப் பதிவகத்தில் நீங்களே சரிபாருங்கள். பேப்பரில் வழக்கு அறிவித்தல் போடவேண்டும், அந்தத் துண்டைக் கேளுங்கள். செத்துப்போன பெரியம்மாவின் பிள்ளைகளும் மாமாவுக்கு வாரிசுகள், ஆனால் அந்த ஆள் அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, அதே புதுக்கடையில்தான். இன்று அதன் வாசலைத் தாண்டித்தான் நடந்து வந்தேன்.

அம்மாவிடம் 85,000 என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.