‘ஒரிஜினல் மாஸ்டர்’ என்று விற்கும் ஜாஸ் ரெக்கார்டுகள்: வாங்குமுன் இதைப் பாருங்கள்

ஆன்லைனில் ரெக்கார்டு விற்கும் ஒரு கடையில் போன மாதம் 3,400 ரூபாய்க்கு வாங்கிய எல்பி பற்றிய எச்சரிக்கை இது. 1957இல் அமெரிக்க ஜாஸ் கம்பெனியான ப்ளூ நோட் வெளியிட்ட ஆல்பத்தின் மறுபதிப்பு. ‘180 கிராம், ஆடியோஃபைல், ஒரிஜினல் மாஸ்டர்’ என்று கொட்டை எழுத்தில் விளம்பரம். அதாவது ஸ்டுடியோவில் முதலில் பதிவான மாஸ்டர் டேப்பிலிருந்தே எடுத்தது என்று அர்த்தம். வந்ததோ சிடியின் ஒலியை வைத்துப் பள்ளம் வெட்டிய தட்டு. கேட்டால், “கவர் பிரிச்சாச்சு சார், ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்” என்கிறார்கள்.

அட்டையின் பின்பக்கத்தில் ப்ளூ நோட் பெயரே இல்லை. ஏதோ ஒரு ஐரோப்பிய ரெக்கார்டு கம்பெனி. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுக்கான உரிமைக் காலத்தை 2013இல் 50 ஆண்டிலிருந்து 70 ஆக நீட்டினார்கள். அதற்குள் காலாவதியாகியிருந்த, 1962 வரை வெளியான பதிவுகளுக்கு அந்த நீட்டிப்பு கிடைக்கவில்லை. அதனால் அங்கே யார் வேண்டுமானாலும் அவற்றை அச்சடிக்கலாம், சட்டப்படி தப்பில்லை. ஆனால் மாஸ்டர் டேப் ப்ளூ நோட் கம்பெனியின் பெட்டகத்தில் இருக்கிறது, அதை இவர்களுக்கு யாரும் தரப்போவதில்லை. சிடி, டவுன்லோடு, இல்லையென்றால் பழைய ரெக்கார்டு, இவற்றில் ஒன்றிலிருந்துதான் வெட்டியாக வேண்டும். ‘மாஸ்டர்’ என்று எழுதி விற்பதுதான் மோசடி.

சந்தேகம் வந்தால் தட்டை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் கணினியில் பதிவுசெய்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது எந்த நொடியில் எந்த அதிர்வெண் ஒலிக்கிறது என்று காட்டும் படமாகப் பாருங்கள். சிடியின் மாதிரி வீதம் 44.1 கிலோஹெர்ட்ஸ் என்பதால் அதில் பாதியான 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதில் எதுவும் இருக்க முடியாது. நான் வாங்கிய தட்டில் டிரம்ஸின் சிம்பல் அடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் 22க்குச் சற்றுக் கீழே கத்தியால் நறுக்கியதுபோல ஒரே நேர்கோடு. அதற்கு மேலே தூசியின் ‘டிக்’குகள் மட்டும். பழைய டேப்பில் உச்ச அதிர்வெண்கள் இயல்பாகவே குறைந்திருக்கலாம். ஆனால் அது படிப்படியாகத் தேயும், நேர்கோடாக நிற்காது.

22க்கு மேலே இருப்பது எப்படியும் நம் காதுக்கு எட்டாது. உண்மையான நஷ்டம், மூலமாக எடுத்த சிடியே சத்தத்தை நெருக்கி உயர்த்திய மாஸ்டரிங் என்பதுதான். டிரம்மில் பிரஷ் உரசும் மென்மையும் டிரம்பெட்டின் வீச்சும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கின்றன.

போதாததற்கு இரண்டாம் பக்கத்தில் நடுத்துளை சுமார் 0.7 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. ஊசி மையத்திலிருந்து 65 மில்லிமீட்டரில் இருக்கும் கடைசிப் பாட்டில் இது சுருதியை ஒரு சதவீதம் மேலும் கீழும் இழுக்கும். 33⅓ வேகத்தில் 1.8 நொடிக்கு ஒரு முறை. நீண்டு ஒலிக்கும் பியானோ சுரம் அலைவது தெளிவாகக் கேட்கிறது. ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்ம் இடம் வலமாக ஆடுவதைப் பார்த்தாலே போதும். 180 கிராம் எடை இதில் எதையும் சரிசெய்யாது. பள்ளத்தின் ஆழம் அதே ஆழம்தான்.

இதனால் மறுபதிப்பே மோசம் என்று நினைக்க வேண்டாம். ப்ளூ நோட்டின் டோன் போயட் வரிசை, 2019 முதல் மாஸ்டரிங் பொறியாளர் கெவின் க்ரே ஒரிஜினல் டேப்பிலிருந்து அனலாகாகவே வெட்டி வருவது. பாஸ் ஒலியில் அது அக்காலத்தில் வெளியான பல ஒரிஜினல் தட்டுகளைத் தாண்டுகிறது. அக்கால பிளேயர்களில் ஊசி துள்ளக் கூடாதென்று ப்ளூ நோட்டின் ஒலிப்பதிவாளர் ரூடி வேன் கெல்டர் வெட்டும்போதே பாஸைக் கட்டுப்படுத்தினார். சிம்பலின் பளபளப்பில் இன்னும் ஒரிஜினல்தான் ஒரு படி மேல், கனமான பழைய ஊசிகள் பள்ளத்தைத் தேய்த்திருக்காத வரை.

பெரிய பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ‘ஒரிஜினல் மாஸ்டர் ரெக்கார்டிங்’ என்று அச்சிட்டு விற்கும் மொபைல் ஃபிடிலிட்டி என்ற அமெரிக்க மறுபதிப்புக் கம்பெனி, இடையில் டிஜிட்டல் பிரதி எடுப்பது 2022இல்தான் வெளியே வந்தது. வழக்கு வரை போனது. அந்தத் தட்டுகள் பல நன்றாகவே ஒலிக்கும். சொல்லாமல் விற்றதுதான் குறை.

பணம் கட்டுமுன், கடைசிப் பாட்டுக்கும் நடுவில் ஒட்டிய காகித லேபிளுக்கும் இடையிலுள்ள வெற்றுப் பகுதியின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். க்ரே வெட்டியதில் ‘கேபிஜி’ என்று பொறித்திருக்கும், வேன் கெல்டர் வெட்டியதில் ‘ஆர்விஜி’ அல்லது ‘வேன் கெல்டர்’. 1966க்கு முந்தைய ப்ளூ நோட் ஒரிஜினல் என்று சொன்னால், காது வடிவில் ஒரு சின்ன ‘பி’ குறியும் இருக்க வேண்டும். வெறும் கேட்டலாக் எண் மட்டும் இருந்தால் யார் வெட்டியது, எதிலிருந்து என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

வாங்கிவிட்டவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை உடனே எடுத்து வையுங்கள், பிறகு மாற்றிவிடுவார்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள். கவர் பிரித்ததைக் காரணம் காட்டினால் அந்த விதியைச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.