கோசுப் புழுவுக்கு எது: பி.டி. பொடியா, வேப்பங்கொட்டைக் கரைசலா, பிவேரியாவா?

முட்டைக்கோசு, காலிபிளவர் போடுகிறவர்களுக்கு வைரமுதுகு அந்துப்பூச்சியைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இலையைத் தொட்டதும் நூல் விட்டுத் தொங்கும் சின்னப் பச்சைப் புழு அதனுடையதுதான். ரசாயன மருந்துகளை மாற்றி மாற்றி அடித்தும் அடங்காதபோது கைக்கு எட்டுபவை இந்த மூன்றும். நான் பி.டி. பக்கம். அதை முதல் ஆயுதமாகவும் வேம்பை அதற்கு மாற்றாகவும் வைத்துக்கொள்வதே சரி.

பி.டி. என்பது பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ், மண்ணில் இயல்பாக இருக்கும் பாக்டீரியா. பி.டி. பருத்தியில் செடிக்குள்ளேயே இதன் மரபணுவைப் புகுத்தியிருக்கிறார்கள். இங்கே நாம் இலைமேல் தெளிப்பதோடு சரி. புழு தின்றால்தான் வேலை நடக்கும். குடலின் காரத்தன்மையில் புரதப் படிகம் கரைந்து குடல் சுவரை ஓட்டையாக்கும். சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும், சாவதற்கு இரண்டு மூன்று நாளாகும். மறுநாள் காலை உயிரோடு இருக்கும் புழுவைப் பார்த்து, பலிக்கவில்லை என்று ரசாயனம் அடித்துவிடுபவர்கள் நிறைய. பார்க்க வேண்டியது இலையில் புதுக் கடி இருக்கிறதா என்பதை. ஒரு மணி நேரத்தில் புழுக்கள் செத்து விழுந்தால் பொட்டலத்தில் இருப்பது பி.டி. மட்டும்தானா என்று சந்தேகப்படுங்கள்.

வேப்பங்கொட்டைக் கரைசல் மலிவு, ஆனால் ஆள் வேலை அதிகம். ஐந்து சதக் கரைசலுக்கு 5 கிலோ பருப்பை இடித்து, 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி 100 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்க்க வேண்டும். கரைசல் பால் வெள்ளையாக வரவேண்டும். பழுப்பாக வந்தால் கொட்டை பழசு. எட்டு மாதத்துக்கு மேற்பட்டதை வாங்காதீர்கள். சாறு உறிஞ்சும் அசுவினியும் சேர்ந்திருந்தால் வேம்புதான் உதவும், பி.டி. அதைத் தொடாது.

பிவேரியா, பூச்சிகளைத் தாக்கிக் கொல்லும் பூஞ்சணம். காற்றில் ஈரம் வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் மூடுபனியில் சரி. சமவெளிக் கோடையில் அதை மட்டும் நம்பச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பி.டி. பலிப்பதும் பொய்ப்பதும் பெரும்பாலும் தெளிக்கும் நேரத்தில் இருக்கிறது. முட்டையிலிருந்து வந்த புழு முதலில் இலைத் தோலுக்குள் குடைந்து இருக்கும். அப்போது மருந்து எட்டாது. வெளியே வந்ததும் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்னும், மேல்தோல் மட்டும் கண்ணாடி போல மிஞ்சும். இந்தக் கண்ணாடிப் புள்ளிகள் தென்படும்போது, புழு இன்னும் அரை சென்டிமீட்டரைத் தாண்டாதபோது அடிக்க வேண்டும். செடிக்கு இரண்டு புழு என்ற கணக்கு வந்துவிட்டால் காத்திருக்காதீர்கள். வளர்ந்த புழு கொஞ்சம் தின்றால் சாகாது. கோசு உருண்டை கட்டத் தொடங்கும் பருவத்தைத் தவறவிட்டால் உள்ளே புகுந்த புழுவை எந்தப் பொடியாலும் எடுக்க முடியாது.

அடுத்தது வெயில். புற ஊதாக் கதிர் பி.டி.யைச் சில நாட்களில் செயலிழக்கச் செய்துவிடும். காலையில் அடித்தால் முதல் பகலிலேயே பாதி வீண். மாலை நான்கு மணிக்குமேல் அடித்தால் இரவெல்லாம் புழு தின்னும்.

பி.டி. அளவு லிட்டருக்கு 2 கிராம். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் 400 கிராம். பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்துவிட்டு டாங்கில் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கட்டி கட்டியாக நாசிலை அடைக்கும். கோசு இலை மெழுகுப்பூச்சு உள்ளது, வெறும் தண்ணீர் முத்தாக உருண்டு ஓடிவிடும். ஒட்டும் திரவம் கட்டாயம். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். தாமிரப் பூஞ்சணக்கொல்லி, பாக்டீரியாவைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோசைக்ளின், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை எதனோடும் சேர்க்காதீர்கள். டாங்கில் முன்பு அடித்த போர்டோவின் மிச்சம் இருந்தாலும் கழுவிவிட்டே கலக்க வேண்டும்.

பி.டி.யையே தொடர்ந்து அடிப்பதும் ஆபத்து. ஹவாய்த் தீவுகளில் திரும்பத் திரும்பத் தெளித்த தோட்டங்களில் இதே புழு எதிர்ப்புத்திறன் பெற்றது 1990-இல் பதிவானது; வயலில் பி.டி. தெளிப்புக்கு எதிர்ப்பு காட்டிய முதல் பூச்சி இதுதான். ஆகவே ஒரு தலைமுறைப் புழுவுக்கு பி.டி., அடுத்த தலைமுறைக்கு வேம்பு. இரண்டும் புழுவுக்குள் முட்டையிடும் கொட்டீசியா குளவியைப் பெரிதாகப் பாதிக்காது. ரசாயனத்தோடு ஒப்பிடும்போது இதுவே பெரிய ஆதாயம், குளவி பிழைத்தால் தெளிப்பு எண்ணிக்கையே குறையும். புரோடீனியா (புகையிலை வெட்டுப்புழு) பெருத்துவிட்ட வயலில் பி.டி.யை நம்ப வேண்டாம்.

பட்டுப்புழு வளர்க்கும் ஓசூர், தருமபுரி, உடுமலைப் பக்கம் ஒரு எச்சரிக்கை. இந்த பாக்டீரியா முதன்முதலில் பிடிபட்டதே 1901-இல் ஜப்பானில், செத்துக்கொண்டிருந்த பட்டுப்புழுக்களில்தான். பிவேரியாவும் பட்டுப்புழுவுக்குச் சுண்ணாம்புக்கட்டி நோயைத் தருவது. பட்டுப்புழுவின் தீவனமான மல்பெரியை ஒட்டிய கோசு வயலில் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். வேம்பையும் காற்று மல்பெரிப் பக்கம் வீசாத மாலையில் மட்டும் தெளிக்க வேண்டும்.