கோழிக்கு கால் ஆணி: ஊற வைக்கறதா, கீறி எடுக்கறதா?

ஏற்காட்டுல மழை புடிச்சா தரை காயவே காயாது, அந்த ஈரத்துல கோழி பாதம் ஊறிப் போயிடும், அப்புறம் ஒரு சிராய் குத்தினா போதும், ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி உள்ள போயி வீங்கிடும், அதான் கால் ஆணி. எங்க சிறுவிடை (நாட்டுக்கோழி வகை) பெட்டைக்கு அப்படித்தான் வந்துச்சு, தூக்கிப் பாத்தா அடிப்பாதத்துல மிளகு சைஸ்ல கருப்பா ஒரு பொருக்கு.

வீக்கம் சின்னதா, மெத்துனு இருந்து, கோழி நல்லா மேஞ்சிட்டு இருந்தா ஊற வைக்கறதே போதும்ங்க. கை பொறுக்கற சூட்டுல தண்ணி, கொஞ்சம் எப்சம் சால்ட், 15 நிமிஷம், ஈரம் துடைச்சு பீட்டாடின் போட்டு கட்டிடணும், தினமும்.

ஆனா உள்ள கட்டியாயிட்டா வேற மாதிரி. கோழிக்கு சீழ் நமக்கு வர்ற மாதிரி ஒழுகாது, பால்ல செய்யற பனீர் கட்டி கணக்கா கெட்டியா உறைஞ்சு நிக்கும், எத்தனை நாள் ஊற வெச்சாலும் அது முழுசா வெளிய வராது, பிதுக்கினா கிருமி இன்னும் ஆழமா போகும். 10 நாள் பாத்தோம், நொண்டல் நிக்கல, கூடையில வெச்சு சேலத்துக்கு எறக்கிட்டு போனோம். டாக்டர் மரத்துப்போற ஊசி போட்டு கீறினாரு, பட்டாணி அளவுல மஞ்சளா ஒரு உருண்டை வந்துச்சு, எவ்ளோ வலிச்சிருக்கும் பாவம். முன்னாடியே போயிருக்கணும். வீட்ல பிளேடு வெச்சு கீறாதீங்க, தயவுசெஞ்சு. ஆன்டிபயாட்டிக் குடுத்தா டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் முட்டை சாப்பிடக்கூடாது.

எப்படி பாத்தாலும் கூண்டுல காஞ்ச வைக்கோல் போடுங்க, உக்கார்ற குச்சிய தாழ்வா கட்டுங்க, உயரத்துல இருந்து குதிச்சா ஆறின புண்ணும் திரும்ப வீங்கிடும்.