வாருஸ் முத்திரை என்று சொல்லி விற்கும் தேய்ந்த ரோமானியக் காசுகள்: உஷார்

‘வாருஸ் முத்திரையுடன் லுக்டுனும் ஆஸ், ஆகஸ்டஸ்’ (பேரரசர் ஆகஸ்டஸ் பெயரில் லுக்டுனும் நகரில், அதாவது இன்றைய பிரான்சின் லியோனில், அடித்த ‘ஆஸ்’ என்ற சிறுமதிப்புக் காசு) என்று ஜெர்மனியிலிருந்து ஒருவர் இணையத்தில் போட்டிருந்த செப்புக் காசை 160 யூரோவுக்கு வாங்கினேன். முத்திரை போலி. பணம் திரும்ப வரவில்லை. அந்த ஆள் இன்னும் இதே மாதிரி காசுகளை விற்றுக்கொண்டிருப்பதால்தான் இந்தப் பதிவு.

வாருஸ் கி.பி. 7 முதல் 9 வரை ஜெர்மானியாவின் ரோமானிய ஆளுநர். படைவீரர்கள் கையில் புழங்கிய ஆஸ் காசுகளில் அவர் பெயரின் முதல் மூன்று எழுத்துகளை (வி, ஏ, ஆர்) ஒன்றோடொன்று ஒட்டி, சின்னச் செவ்வகக் குழியாகக் குத்தினார்கள். கி.பி. 9-இல் நடந்த போரில் அவரும் மூன்று லெகியன்களும் (ரோமானியப் பெரும் படைப்பிரிவுகள்) அழிந்தார்கள். ஓஸ்னாப்ருக் அருகே கால்க்ரீசெயில் இந்த முத்திரைக் காசுகள் கிடைத்தது, போர் நடந்த இடம் அதுதான் என்பதற்கு முக்கியமான சான்று. அந்தப் புகழுக்குத்தான் இந்த விலை. முத்திரை இல்லாத தேய்ந்த ஆஸ், இருவர் ஓட்டலில் சாப்பிடும் செலவுக்கே கிடைக்கும்.

வந்த காசில் தலை அடையாளமே தெரியவில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்தி அடித்தால், விளிம்பில் ‘இம்பெராட்’ என்ற எழுத்துகளும் அடுத்து ரோமன் ஏழும் தெரிகின்றன. ஆகஸ்டஸே இல்லை, அவருடைய வாரிசு திபேரியுஸ்! அவர் ஏழாம் முறை ‘இம்பெராட்டர்’ (வெற்றித் தளபதி) பட்டம் பெற்றதைக் குறிக்கும் அந்த ‘ஏழு’ போட்ட காசுகள் கி.பி. 12-க்கு முன் கிடையாது. செத்துப்போன வாருஸ் எழுந்துவந்தா முத்திரை குத்தினார்?

மற்றவையும் பொருந்தவில்லை. காசு முழுக்கப் பச்சைக் களிம்பு, குழிக்குள் மட்டும் ஒரே சீரான கறுப்பு. அசிட்டோன் தொட்ட பஞ்சில் அது கழன்று, உள்ளே பளபளவென்று செம்பு. குழியின் ஓரத்தில் பழைய களிம்பு பொடிந்து உடைந்திருப்பது லென்ஸில் தெரிகிறது. (சிலர் குத்தாமல் செதுக்கியே எழுத்தை உண்டாக்குகிறார்கள். அப்படியானால் நேர் பின்புறம் கொஞ்சமும் தட்டையாகியிருக்காது.)

கேட்டதற்கு, “நான் தனிநபர், திருப்பி எடுப்பதில்லை, படம் பார்த்துத்தானே வாங்கினீர்கள்” என்று பதில் வந்தது. படத்தில் வெளிச்சம் நேர் மேலிருந்து விழுந்தது, விளிம்பு எழுத்து எதுவும் அதில் தெரியாது. பணமும் வங்கிப் பரிமாற்றம் மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார், அதனால் புகார் கொடுத்து மீட்கவும் வழியில்லை.

பக்கவாட்டு வெளிச்சத்தில் இரு பக்கமும் படம் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். இப்போது அவரிடம் மூன்று ‘வாருஸ்’ காசுகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் திபேரியுஸ் பெயர் அவர் எடுத்த படத்திலேயே தெரிகிறது.